கையகலச் சுண்ணாம்பு

பங்குனி மாதம் கடல் ஏறத் தொடங்கிய ஒரு காலையில், பிலவேந்திரன் வீட்டு முன்னறைச் சுவர் உயிரோடு இருந்தது. பல் தேய்த்து முடித்துத் துண்டை மாட்ட ஆணியைத் தேடியவர், ஆணி இருந்த இடத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு பூ விரிந்திருப்பதையும், கை கிட்டே போனதும் அது தன்னை உள்ளே இழுத்துக்கொள்வதையும் பார்த்தார். துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏ அமலோற்பவம், சுவரு முழிச்சிருச்சு" என்றார், அயர்ந்து தூங்கிய ஓர் ஆளைப் பற்றிச் சொல்வதுபோல.

அமலோற்பவம் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து, சுவருக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துப் பார்த்தாள். இருபத்தாறு வருடமாகத் தீவுப் பக்கம் முங்கிக் கடற்பாசி எடுக்கிறவள் அவள். விரல்களில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டைக் கட்டி, ஒரே மூச்சில் கடலின் தரையைத் தடவிவிட்டு மேலே வருகிறவளுக்கு அடையாளம் தெரியாத கல் அங்கே இல்லை.

"இது மேலப் பார்ல உள்ளதுல்லா," என்றாள்.

"அங்கதான் எடுத்தேன்."

"எடுத்தேன்னு சொல்லாதிய. வெட்டுனேன்னு சொல்லுங்க."

"சரி, வெட்டுனேன். இப்ப என்ன செய்ய?"

"தள்ளி நில்லுங்க. வெத்தல எச்சி தெறிக்கப் போவுது."

பவளப்பாறையை நாங்கள் பார் என்றுதான் சொல்வோம். முள்ளித்துறையில் வீடு கட்டக் கல் வேண்டுமென்றால் ஆண்கள் கடல் வடிந்து கிடக்கும் வற்றத்தின்போது கடப்பாரையோடு மேலப் பாருக்குப் போய், பூசணிக்காய் அளவுக்கும் மாட்டுத் தலை அளவுக்கும் பெயர்த்து, வள்ளம் அமிழும் மட்டும் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, அதன் நாற்றம் போக மூன்று மாதம் வெயிலிலும் உப்புப் போக ஒரு மழையிலும் போட்டுவைத்து, பாதிக் கல்லைச் சுவருக்கு அடுக்கி, மீதிப் பாதியைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, அந்தச் சுண்ணாம்பை வைத்தே இந்தக் கல்லை ஒட்டுவார்கள். அந்த மூன்று மாத நாற்றம் செத்த உடம்பின் நாற்றம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, ஆனால் வீடு கட்டும் காலத்து நாற்றம் என்பதால் அதை நல்ல நாற்றமாகவே எடுத்துக்கொண்டோம். பிறகு கல் எடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதற்குள் எடுக்கவும் அதிகம் மீதமில்லை. மீன் தூரமாகப் போயிற்று, அலை கிட்டே வந்தது, கடல் முன்பு மாதிரி இல்லை என்று நாங்கள் கடலைக் குறை சொன்னோம்.

அந்த வாரத்துக்குள் முப்பத்தொரு வீடுகள் விழித்துக்கொண்டன. முள்ளித்துறையில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை, ஒரு வீட்டின் பக்கச்சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் பக்கச்சுவர், ஆகவே அது ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு அம்மை பரவுவதுபோலப் பரவியது. மூளைக்கல் தன் மடிப்புகளில் பச்சை ஏறி நின்றது, மான்கொம்புப் பவளம் நுனிகளில் நீலம் காட்டியது, ஒரு வீட்டு அடுப்புக்குப் பின்னால் கத்திரிப்பூ நிறத்தில் விசிறி ஒன்று முளைத்து, அந்த வீட்டுக்காரி அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் வைத்துச் சமைத்தாள்.

நான்காம் நாள் மீன்கள் வந்தன. தண்ணீர் ஊருக்குள் வரவில்லை. அது கரையில் தன் இடத்திலேயே ஏறி, தன் இடத்திலேயே வடிந்தது. ஆனால் அங்கே அது ஏறுகிற நேரத்தில் இங்கே சுவர்கள் விரிந்தன, சுவர்கள் விரிந்ததும் வண்ணாத்தி மீன்களும் ஓராக்குட்டிகளும் கிளிமீன்களும் ஜன்னல் வழியாகக் காற்றில் துடுப்பை அசைத்து அசைத்து உள்ளே வந்து, சுவரோரமாகச் சுற்றி, வற்றத்துக்கு முன்னால் வந்த வழியே திரும்பிப் போயின. ஜன்னலை மூடியவர்கள் வீட்டில் அவை கதவுக்கு வெளியே கூட்டமாக நின்றன. மறுநாளிலிருந்து யாரும் மூடவில்லை.

பழகுவதற்கு எங்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஏற்றத்தின்போது மின்விசிறி போடக் கூடாது என்று தெரிந்துகொண்டோம். மீன் வந்திருக்கும் வீட்டில் மீன் கழுவுவது மரியாதையில்லை என்று பெண்கள் கடற்கரைக்குப் போய்க் கழுவினார்கள். வீட்டுக்குள் வந்த மீனைப் பிடிக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, தேடி வந்ததைப் பிடிக்கக் கூடாது, தேடிப் போய்ப் பிடிப்பதுதான் தொழில் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. ஒருவர் மட்டும் தன் வீட்டுக்கு வந்த களவாய் மீனைக் குழம்பு வைத்தார். அவரை யாரும் ஏசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கோவிலில் அவர் உட்காரும் பெஞ்சில் அவர் மட்டுமே உட்கார்ந்தார். பங்குச் சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில், இதை ஆண்டவர் செய்த புதுமை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் யாரும் இதைக் கேட்டு மன்றாடவில்லை என்றார். தவக்காலத்தில் நடந்திருப்பதால் அவரவர் மனதுக்குள் யோசித்துக்கொள்ளட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வாசகத்துக்குப் போனார்.

தீவுக் காவலர் சைக்கிளில் வந்தார். பவளத்தைக் காக்கிற வேலை அவருடையது. பதினோரு வருடமாக ஒரு துண்டு உயிர்ப் பவளத்தையும் கிட்டத்தில் பார்த்திராதவர், பிலவேந்திரன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வெகுநேரம் நின்றார்.

"உசிருள்ள பவளத்த வீட்டுக்குள்ள வச்சிருக்கிறது குத்தம், தெரியும்ல?"

"நாங்க எங்க வச்சோம் சார்? அதுவா எந்திரிச்சிருக்கு," என்றார் பிலவேந்திரன்.

"அப்ப ஒண்ணு செய்ங்க. சுவர இடிக்கக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது."

"காலண்டரு மாட்டலாமா?"

"கூடாது."

"சேசுநாதர் படம்?"

காவலர் கொஞ்சம் யோசித்தார். "முன்னாலயே இருந்தா இருந்துட்டுப் போவுது. புதுசா மாட்டாதீங்க."

கண்ணாடிப் படகு ஓட்டுகிற கஸ்பாருக்குத்தான் இதில் எல்லோரையும்விட வருத்தம். அடியில் கண்ணாடி பதித்த படகில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு போய், சாம்பலாகக் கிடக்கும் மேலப் பாரைக் காட்டி, "மேகம் போட்டிருக்கு சார், வெயில் அடிச்சா கலர் தெரியும்" என்று சித்திரை வெயிலிலும் சொல்லிவந்தவர் அவர். இரண்டு வருடத்துக்கு முன்புதான் பழைய வீட்டை இடித்துவிட்டு சிமெண்டு வீடு கட்டியிருந்தார். அவர் வீட்டுச் சுவரில் பாசிகூடப் பிடிக்கவில்லை.

"இடிச்ச கல்ல எங்கய்யா போட்ட?" என்று கேட்டார்கள்.

"ரோட்டுக்குப் போட்டாச்சு."

அந்த இடத்தில் தார் ரோடு ஏற்ற நேரத்தில் மூச்சு விடுவதுபோல மெல்ல எழும்பித் தாழ்ந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள்காரர்கள் அங்கே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கஸ்பார் படகைக் கரையேற்றிவிட்டு, வெளியூர்க்காரர்களை நடத்திக் கூட்டிவந்து பிலவேந்திரன் வீட்டு முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார். இப்போது மேகத்தைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், கஸ்பாரும் அவர்களுக்குப் பின்னால் சுவரில் சாய முடியாமல் நின்றபடியே பார்த்தார்.

பிலவேந்திரனும் அமலோற்பவமும் அந்த நாட்களில் ஏற்ற நேரம் முழுவதும் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு கல்லையும் எங்கே பெயர்த்தோம் என்பது அவருக்கு நினைவிருந்தது. இது பாரின் வடக்கு விளிம்பு, இது கல் விலகினதும் உள்ளிருந்து சிங்கி இறால் ஓடிய இடம், இதைப் பெயர்க்கும்போதுதான் கடப்பாரை வளைந்தது என்று சொல்லிக்கொண்டே வருவார். வீட்டைக் கட்டியபோது அவருக்கு இருபத்துநான்கு வயது. அதை அவளுக்காகத்தான் கட்டினார்.

ஒருநாள் அவள் சொன்னாள்: "இதக் கொண்டு போய் அங்கயே வச்சிருவோமா?"

"எத?"

"சுவரத்தான். உசிரு இருக்கும்போதே. நனைஞ்ச சாக்குல சுத்தி, ஏத்தத்துல வள்ளத்துல கொண்டு போனா ஒண்ணும் ஆவாது. நான் முங்கி ஒண்ணொண்ணா வைக்கேன். எது எங்கன்னு நீங்க மேல இருந்து சொல்லுங்க."

அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார்.

"அங்க தரை எப்படி இருக்கு தெரியுமா? மொட்டையடிச்ச தலை மாரி இருக்கு. இருவத்தாறு வருசமா அதுமேலதான் தடவிட்டு வாறேன். ஒரு நாளும் உங்களச் சொன்னதில்ல."

"கலியாணம் முடியட்டும்," என்றார் பிலவேந்திரன். "சுவரு இல்லாத வீட்டுல எப்படிக் கலியாணம் வைக்க? முடிஞ்ச மறுநாளே போவோம். நான் சொல்றேன்ல."

அவர்கள் மகள் ஜெனோவாவுக்கு, பாஸ்கா என்று நாங்கள் சொல்லும் உயிர்ப்புத் திருநாள் முடிந்த இரண்டாம் திங்கட்கிழமை கலியாணம். மாப்பிள்ளை ரெமிஜியூஸ், வடக்கே நாலு ஊர் தள்ளி, தோணியில் மாலுமி. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு மூன்று நாள் முன்னால் சுவர் தொடுதல் என்று ஒன்று உண்டு. பெண் வீட்டை அப்பன்காரன் தன் கையால் வெள்ளையடித்து வைத்திருக்க வேண்டும். மாப்பிள்ளையின் தாய் வந்து, எல்லோர் முன்னாலும் முன்னறைச் சுவரில் உள்ளங்கையை அழுத்தி எடுத்து, கையில் ஒட்டிய வெள்ளையைக் காட்டிவிட்டு, அதைப் பெண்ணின் நெற்றியில் தொட்டு வைப்பாள். கை வெளுக்கவில்லையென்றால் கலியாணம் நிற்காது. ஆனால் அந்தப் பெண் சாகும்வரை கறுத்த கை வீட்டுக்காரி. கீழத் தெருவில் அப்படி ஒருத்தி இருந்தாள், அவளுடைய பேரப்பிள்ளைகளையும் அப்படித்தான் சொன்னார்கள்.

சுவர் விழித்தபோது யாருக்கும் இது ஞாபகம் வரவில்லை. பாஸ்கா நெருங்கியதும் எல்லோருக்கும் வந்தது. எல்லோரும் பிலவேந்திரனிடம் கேட்டார்கள், எவரும் வழி சொல்லவில்லை.

"வேண்டாம்ப்பா," என்றாள் ஜெனோவா. "என்னத்தச் சொன்னா எனக்கென்ன? நான் அங்க போயி இருக்கப் போறேன்."

"அங்கயுந்தான் நாக்கு இருக்கு."

"இருக்கட்டும். அதுக்காக இதப் போயி..."

"உனக்குத் தெரியாது பிள்ள. நீ வெளிய போ."

அவர் யோசித்தது இதுதான்: கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருப்பது சுண்ணாம்பு. அதுவும் இதே பாரில் பெயர்த்த கல்லைச் சுட்ட சுண்ணாம்பு. முப்பது வருடம் அதன் நடுவிலேயே படுத்திருந்துதான் இந்தச் சுவர் உயிர்பிடித்தது, ஆகவே அந்தச் சுண்ணாம்பு இதற்குச் சொந்தம், சொந்தம் சொந்தத்தை என்ன செய்துவிடும்? அதுவும் சுவர் முழுக்க வேண்டாம். வாசலுக்கு நேராக, சம்பந்தியம்மாள் கை வைக்கிற இடத்தில், ஒரு கையகலம் போதும். வற்றத்தில், பூக்கள் எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கும்போது மெதுவாகத் தடவிவிடலாம். நாங்கள் எவராக இருந்தாலும் அதைத்தான் யோசித்திருப்போம்.

சுவர் தொடுதலுக்கு முந்தின நாள், அமலோற்பவம் பாசிக்குப் போயிருந்த காலை வற்றத்தில், கிளிஞ்சலோடு பழைய கல்லையும் சேர்த்துச் சுட்டு வைத்திருந்த மூட்டையிலிருந்து இரண்டு கை அள்ளிச் சட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டார். சுண்ணாம்பு கொதித்து அடங்கியது. தென்னைமட்டையைத் தட்டிச் செய்த மட்டையால் ஒரு கையகலத்துக்கு, அதற்குமேல் ஓர் அங்குலம்கூட இல்லாமல், பிள்ளைக்கு நெற்றியில் மருந்து தடவுவதுபோலத் தடவினார். ஜெனோவா கதவுக்கு வெளியே தெருவைப் பார்த்து நின்றாள்.

நண்பகலில் கடல் ஏறியது. சுவர் விரிந்தது. அந்தக் கையகலம் மட்டும் விரியவில்லை. அதைச் சுற்றியிருந்தவை விரிந்தன, விரிந்த பிறகு தங்கள் பச்சையை விட்டன, பிறகு நீலத்தை, பிறகு கத்திரிப்பூ நிறத்தை. கண்ணுக்கு முன்னாலேயே நிறம் அவற்றிலிருந்து வெளியேறி, எங்கே போயிற்று என்று தெரியாமல் போயிற்று. வெளுப்பு ஒவ்வொரு சாணாக நகர்ந்தது.

அமலோற்பவம் ஈரச் சேலையோடு வாசலிலேயே நின்றாள்.

"அதுக்குச் சொந்தச் சுண்ணாம்புதான்," என்றார் பிலவேந்திரன். "உள்ளயும் அதான இருக்கு."

"உள்ள இருக்கிறது ஆறிப்போன சுண்ணாம்பு. முப்பது வருசம் ஆறிக் கல்லாப் போனது," என்றாள் அவள். "இது இப்ப வெந்து இறங்கினது. உங்களுக்கு அதுகூடவா தெரியல?"

மறுநாள் காலைக்குள் முன்னறை முழுவதும் வெளுத்துவிட்டது. பக்கச்சுவர் வழியாக அது அடுத்த வீட்டுக்குள் நுழைந்திருந்தது. நாங்கள் யாரும் பிலவேந்திரனை ஏசவில்லை. பாஸ்காவுக்கு வெள்ளையடிக்க முடியாமல் போனாலும், திருவிழாவுக்கு எப்படியாவது ஒரு மூலையிலாவது அடித்துவிடலாம் என்று எங்கள் ஒவ்வொரு வீட்டுப் பின்கட்டிலும் ஒரு பானையில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. அன்று காலை எல்லோரும் அந்தப் பானையை எடுத்துக் கோணிக்கு அடியில் மறைத்தோம்.

மாப்பிள்ளையின் தாய் மிக்கேலம்மாள் பத்து மணிக்கு எட்டுப் பெண்களோடு வேனில் வந்து இறங்கினாள். இறங்கியதும் தாம்பாளத்தைக்கூட வாங்காமல், "மயினி, ஒரு வாளி கடல் தண்ணி வேணும்" என்று அமலோற்பவத்திடம் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் வளையலைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, முழங்கைவரை அந்தத் தண்ணீரில் விட்டு, நகக்கண் விடாமல் கழுவினாள்.

"கையில சோப்பு இருக்கும், மஞ்சள் இருக்கும், சுவருக்கு ஒத்துக்கிடாதுன்னு சொன்னாவ," என்றாள். பிறகு பிலவேந்திரனைப் பார்த்துச் சிரித்தாள். "அண்ணே, எங்க ஊருல என்ன சொல்லிட்டு வந்திருக்கேன் தெரியுமா? எல்லாத் தாய்மாரும் வெளுத்த கையோட வருவாளுவ. நான் மட்டும் ஈரக் கையோட வருவேன், பாத்துக்கிடுங்கடின்னு சொல்லிட்டு வந்திருக்கேன். எங்க வீட்டுக்காரரு படுத்த படுக்கை. போய்த் தொட்டுட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லுன்னு அனுப்பியிருக்காரு."

பிலவேந்திரன் பின்னால் நகர்ந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

கூடவந்த பெண்களில் ஒருத்தி, "யக்கா, சும்மா தொட்டுறாத, கடிச்சிரப் போவுது" என்றாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்குச் சுவர் உடனே தெரியவில்லை. மிக்கேலம்மாள் வாசலுக்கு நேராகப் போய், ஒரு கன்றுக்குட்டியைத் தொடப்போகிறவள்போல மெல்லக் கையை நீட்டி, வைத்தாள். வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கையை எடுத்துப் பார்த்தாள். ஈர உள்ளங்கை முழுக்க வெள்ளையாக ஒட்டியிருந்தது.

சிரிப்பு நின்றது. அவள் சுவரைப் பார்த்தாள், அதன் மேல்மூலை வரை பார்த்தாள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிலவேந்திரனையும் பார்த்தாள்.

"எங்களுக்காகவா அண்ணே?" என்று கேட்டாள்.

"ஒரு கையகலந்தான் அடிச்சேன்," என்றார் அவர்.

ஜெனோவா தானாகவே முன்னால் வந்து தலையைக் குனிந்தாள். மிக்கேலம்மாள் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்துவிட்டு, முறை என்று ஒன்று இருப்பதால், பெண்ணின் நெற்றியில் தொட்டு வைத்தாள். உப்புத்தண்ணீரும் சுண்ணாம்பும் சேர்ந்து நெற்றி எரிந்திருக்க வேண்டும். ஜெனோவாவின் கண் கலங்கியதை நாங்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

கலியாணம் நன்றாக நடந்தது. யாரும் கறுத்த கை என்று சொல்லவில்லை. ஆறு நாளில் முப்பத்தொரு வீடுகளும் வெளுத்துவிட்டன, தார் ரோடும் எழும்புவதை நிறுத்திவிட்டது. கஸ்பார் படகைத் தள்ளித் தண்ணீரில் இறக்கி, மேகத்தைப் பற்றி மறுபடி பேசத் தொடங்கினார். தீவுக் காவலர் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, இனி ஆணி அடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனார். ஒருவரும் அடிக்கவில்லை.

மகள் போன மறுநாள் பிலவேந்திரன் கடப்பாரையையும் சாக்குகளையும் எடுத்து வைத்தார்.

"கெளம்பு, கொண்டு போவோம். சொன்னேம்ல."

"எதக் கொண்டு போயிப் போட?" என்றாள் அமலோற்பவம். "செத்த கல்லுக்கு அங்க என்ன பஞ்சம்?"

சாக்குகள் அங்கேயே கிடந்தன.

மீன்களுக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை. ஏற்றத்தில் அவை வழக்கம்போல ஜன்னல் வழியாக வந்து, வெளுத்த சுவரைச் சுற்றின. வண்ணாத்திகள் கொஞ்சம் தேடிவிட்டுப் போய்விட்டன. கிளிமீன்கள் போகவில்லை. கல்லைக் கடித்துத் தின்கிற வாய் அவற்றுக்கு. எங்கே கடிப்பதென்று பார்த்து, வாசலுக்கு நேராக இருந்த அந்தக் கையகலத்தைக் கடித்தன. முதல் நாள் மூன்று மீன்கள் வாய் வெந்து தரையில் விழுந்தன. அமலோற்பவம் அவற்றை முறத்தில் அள்ளிக்கொண்டு போய்க் கடலில் விட்டாள். அவை நீந்தவில்லை.

சுரண்டி எடுத்தாலும் சுண்ணாம்பு கல்லுக்குள் இறங்கியிருந்தது. ஆகவே பிலவேந்திரன் ஏற்றம் தொடங்கும்போது பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு போய், அந்த இடத்துக்கு முன்னால் முதுகைச் சுவருக்குக் காட்டி நின்றுகொண்டு, வருகிற கிளிமீன்களை விரட்டினார். "போங்க. இங்க ஒண்ணும் இல்ல. போங்க" என்று வாசலுக்கு வந்த பிள்ளைகளிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே விசிறியை இடமும் வலமும் ஆட்டினார். பகல் ஏற்றம் நாளுக்கு நாள் பிந்தியது, அவரும் அதோடு பிந்தினார். சாப்பாட்டு நேரமாக இருந்தால் சாப்பிடவில்லை, பூசை நேரமாக இருந்தால் பூசைக்குப் போகவில்லை. வைகாசி முழுவதும் அப்படி நின்றார். ஒவ்வொரு நாளும் மீன்கள் கொஞ்சம் குறைந்தன. கடைசியில் ஒன்றே ஒன்று, வால் கிழிந்த நீலக் கிளிமீன், நாலு நாள் தனியாக வந்துபோயிற்று.

ஆனி பிறந்த அன்று கடல் ஏறியது. பிலவேந்திரன் தன் இடத்தில் போய் நின்று விசிறியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் திறந்திருந்தது. தண்ணீர் கரையில் ஏறி நிற்கிற சத்தமும், பிறகு அது வடியத் தொடங்குகிற சத்தமும் கேட்டன. ஜன்னல் வழியாக வெயில் மட்டும் வந்தது. அவர் தூக்கிய கையைத் தாழ்த்தாமல் நின்றுகொண்டே இருந்தார். பாசி மூட்டையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்த அமலோற்பவம் ஜன்னலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"கைய எறக்குங்க," என்றாள். "இனி எதுவும் வராது."